காயம்பட்ட பிள்ளையின் பெயரைப் பட்டியலிலிருந்து அடிக்காதீர்கள்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் உடற்கல்வி இயக்குநர்களுக்கு,

வணக்கம். நான் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. ஒவ்வொரு வருடமும் என்னிடம் வாலிபால் ஆடிய பிள்ளைகளில் இரண்டு மூன்று பேர் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் உங்களிடம் வந்து சேர்கிறார்கள். ஃபீஸ் இல்லை, ஹாஸ்டல் இலவசம் என்றதும் அந்த வீடுகளில் வருகிற நிம்மதியை நேரில் பார்த்தவள் நான். உங்களில் பலர் சொந்தக் காசில் பிள்ளைகளுக்கு ஷூ வாங்கிக் கொடுக்கிறீர்கள் என்பதும் தெரியும். அதனால்தான் மனம் விட்டு எழுதுகிறேன்.

நானும் அப்படிக் கல்லூரிக்குப் போனவள்தான். மூன்றாம் ஆண்டில் ஒரு போட்டியில் ஸ்பைக் அடித்துவிட்டு இறங்கும்போது எதிரணிப் பெண்ணின் பாதத்தை மிதித்துவிட்டேன். முட்டிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். ஜவ்வு போய்விட்டது. ஆபரேஷன் முடிந்து ஊன்றுகோலோடு ஹாஸ்டலுக்குத் திரும்பிய மறுநாள் காலை மெஸ்ஸுக்குப் போனேன். டீமில் இருப்பவர்களுக்கு மட்டும் இரண்டு அவித்த முட்டையும் ஒரு டம்ளர் பாலும் உண்டு. சுவரில் ஒட்டியிருக்கும் பட்டியலைப் பார்த்துத்தான் வைப்பார்கள். பரிமாறும் அக்கா பட்டியலை ஒருமுறைக்கு இருமுறை பார்த்தார். என் பெயர் மேல் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராக ஒரு கோடு. "யாரும்மா இதை அடிச்சது?" என்று அவர் என்னையே கேட்டார்.

முட்டைக்காக நான் அழவில்லை. பத்து வயதிலிருந்து ஐந்தரை மணிக்கு எழுந்து பழகிய உடம்பு. அந்த நேரத்துக்குத் தானாக விழிப்பு வந்துவிடும். ஜன்னலுக்கு வெளியே பந்து தட்டும் சத்தம் கேட்கும். சுவரைப் பார்த்துப் படுத்தே கிடப்பேன். யாரும் திட்டவில்லை, விரட்டவில்லை, பேசவும் இல்லை. அடுத்த மாதம் ஹாஸ்டல் கட்டணத்தைக் கட்டச் சொல்லி ஒரு தாள் வந்தது. அப்பாவிடம் காட்டவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து வேண்டாததையெல்லாம் யோசித்த ராத்திரிகள் உண்டு. அறைத்தோழி ஒருத்தி தன் முட்டையில் ஒன்றைத் தினமும் என் தட்டில் வைத்தாள். அவள் காத்திருப்பாளே என்றுதான் காலையில் எழுந்தேன்.

ஆடும்வரை ஒரு பிள்ளையைச் சுற்றி ஆள் இருக்கிறது. ஆட முடியாமல் போன அன்றைக்கு எல்லாமே ஒன்றாகப் போகிறது: இடம், சாப்பாடு, பயிற்சியாளரின் பார்வை, கூட இருந்த கூட்டம். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பது பெரிய விஷயம். ஆனால் அதனாலேயே ஒரு சீசன் போனால் ஒரு சான்றிதழ் போகும், சான்றிதழ் போனால் வேலை போகும் என்ற கணக்கு அந்தத் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். ஜவ்வு ஆபரேஷனுக்குப் பிறகு களத்துக்குத் திரும்பக் குறைந்தது 9 மாதம் ஆகும். அந்த 9 மாதத்தைத் தனியாகக் கடக்கச் சொல்வது நியாயமா?

புதுக்கோட்டை மாவட்டத்து சாந்தி சௌந்தரராஜனை நினைத்துப் பாருங்கள். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்று சொல்லி அதைப் பறித்தார்கள். மறுவருடமே உயிரை விடும் முடிவு வரை போனார் என்பது ஊரறிந்த செய்தி. அவர் மீண்டு வந்து பயிற்சியாளராகிப் பிள்ளைகளை ஓட வைத்தது அவருடைய மன உறுதி. ஆனால் அத்தனை உறுதியை எல்லோரிடமும் எதிர்பார்க்க முடியாது. 2024 டிசம்பரில் நம் குகேஷ் சிங்கப்பூரில் செஸ் உலக சாம்பியன் ஆனபோது, மனப்பயிற்சிக்கென்றே பேடி அப்டன் என்ற பயிற்சியாளர் உதவினார். உச்சத்தில் இருப்பவருக்கே அது தேவைப்படுகிறது. கல்லூரிகளுக்கிடையே நடக்கும் சோனல் (மண்டல) போட்டியில் ஆடும் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு மட்டும் வேண்டாமா?

100 மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஆலோசகரையோ உளவியலாளரையோ நியமிக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் கல்லூரியில் அப்படி ஒருவர் வந்தால், முதல் வாரமே அவரை மைதானத்துக்கு அழைத்து வாருங்கள். அறைக்குள் உட்கார்ந்திருப்பவரைத் தேடி எங்கள் பிள்ளைகள் போகமாட்டார்கள். அப்புறம் ஒரு முக்கியமான விஷயம்: அவரிடம் பேசியது உங்கள் காதுக்கு வரக்கூடாது. கோபித்துக்கொள்ளாதீர்கள். டீமைத் தேர்வு செய்பவர் நீங்கள். "மனசு சரியில்லை சார்" என்று சொன்னால் ஆறு பேரில் தன் இடம் போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை எந்தப் பிள்ளையும் உங்களிடம் வாய் திறக்காது. நானும் திறக்கவில்லை.

வீரர்களின் மனநிலையை அறிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2020-ல் ஒரு கேள்வித் தொகுப்பு கொண்டுவந்தது. முதல் கட்டம் 10 கேள்விகள்தான். சீசனுக்கு முன்பும், காயம் போன்ற பெரிய அடிக்குப் பிறகும் கேட்கச் சொல்கிறார்கள். ஆலோசகர் அதைத் தமிழில் கேட்டால் போதும், அரைமணி நேரம்கூட ஆகாது. 14416 என்ற இலவச மனநல எண்ணையும் டிரஸ்ஸிங் ரூம் கதவில் பெரிதாக எழுதி வையுங்கள்.

காயம்பட்ட வருடத்துக்கு இடத்தையும் சாப்பாட்டையும் நிறுத்தாமலிருக்க நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். நீங்கள் கேட்டால் கிடைக்கும், பிள்ளைகள் கேட்டால் கிடைக்காது.

இந்த வருடம் என்னிடமிருந்து ஒரு செட்டர் பெண் (ஸ்பைக் அடிக்கப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள்) உங்களில் ஒருவரிடம் வருகிறாள். இடது கைக்காரி. வீட்டில் அம்மா மட்டும்தான். போன வருடம் கணுக்கால் பிசகி மூன்று வாரம் ஆட முடியாமல் போனபோது யாரிடமும் பேசவில்லை. ஸ்கோர் நோட்டைக் கையில் கொடுத்து என் பக்கத்திலேயே உட்காரவைத்தேன். நான்காம் நாள், "மிஸ், இவ சர்வீஸ் எல்லாம் ஒரே பக்கமே போகுது" என்று தானாகப் பேச ஆரம்பித்தாள். அவள் பேச்சைக் குறைத்தால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், சார்.

அன்புடன்,
ஓர் உடற்கல்வி ஆசிரியை