சென்ட் வாங்க ஏன் இத்தனை அவசரம்?

ஆசிரியருக்கு வணக்கம். சென்ட் வாங்கப் போகிறவர்கள் காகிதப் பட்டையில் அடித்து முகர்ந்த கையோடு பில் போட்டுவிடுகிறார்கள், எனக்கு இது கொஞ்சமும் சரியாகப் படவில்லை. முதலில் மூக்கில் ஏறும் எலுமிச்சை, ஆரஞ்சு வாசமெல்லாம் அரை மணி நேரத்துக்குள் பறந்துவிடும், அப்புறம் தோலில் தங்குகிற வாசனையோடுதான் நாள் முழுக்க இருக்கப் போகிறோம். மணிக்கட்டில் ஒரு முறை அடித்து, தேய்க்காமல் விட்டு, இரண்டு மணி நேரம் கழித்து முகர்ந்து முடிவெடுங்கள். வாங்கிய பாட்டிலை ஜன்னலோரம் அழகுக்கு வைக்க வேண்டாம், குளியலறையிலும் வேண்டவே வேண்டாம். சூடும் வெளிச்சமும் வாசனையைக் கெடுத்துவிடும், பெட்டியோடு அலமாரிக்குள் இருக்கட்டும். ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் காட்டமான வாசனையே மூச்சை அடைக்கும், அதனால் மருத்துவமனைக்குப் போகிற அன்றாவது தயவுசெய்து அடிக்காதீர்கள்.

- ஒரு வாசகி