பத்து ஓட்டில் இரண்டு

பெரிய பங்கு வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும்,

வணக்கம். கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். மூன்று வருஷமாக நீங்கள் எழுதும் அதே இடத்தில்தான் நானும் எழுதுகிறேன், ஆனாலும் உங்களில் பலருக்கு என் கணக்கின் பெயர் தெரிந்திருக்காது. பரவாயில்லை. பதிவுக்கு ஓட்டு விழுந்தால் எழுதியவருக்குக் காசு வரும், வைத்திருக்கும் காயின் பங்கு எவ்வளவோ அவ்வளவு ஓட்டுக்குப் பலம், அப்படி ஒரு தளம். அதன் பெயரை இங்கே போடப்போவதில்லை, யாருக்குப் புரியணுமோ அவர்களுக்குப் புரியும்.

போன மாதம் உங்களில் ஒருவர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார்: தமிழில் எழுத வருகிறவர்கள் இரண்டு மாதம்கூட நிற்பதில்லை, எல்லாருக்கும் வந்தவுடனே காசு வேண்டும் என்று. அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்த மடல்.

எங்கள் பக்கத்திலிருந்து ஆறு பேர் ஒன்றாகச் சேர்ந்தோம். இப்போது நான் ஒருத்தன்தான் மிச்சம். போனவர்களில் ஓர் அக்கா, அரவேணுப் பக்கம் அரை ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர். உறைபனியில் கருகிய செடிகளைப் பற்றி எழுதினார், எதை உடனே கவாத்து பண்ணலாம், எதைக் கொஞ்ச நாள் தொடாமல் விடணும், கொழுந்து திரும்ப வருகிறவரை வீட்டுச் செலவுக்கு என்ன செய்வது என்றெல்லாம், மழையில் சிக்னல் போய்ப் போய் வரும் போனில் தட்டித் தட்டி, பதினொரு பதிவு. பதிவுக்கு வரும் காசு பெரும்பாலும் ஒரு சென்ட் காட்டும். இரண்டு சென்டுக்குக் கீழே இருந்தால் பட்டுவாடாவே கிடையாது என்பது இந்த மாதிரித் தளங்களுக்கு முன்னோடியான ஸ்டீம் காலத்து விதி, நம் தளமும் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. பட்டுவாடா நாளான ஏழாம் நாள் வரும், அந்த ஒரு சென்டும் சைபராகிவிடும். அதே வாரம் உங்களில் ஒருவர் பனிமூட்டப் படம் ஒன்று போட்டு "காலை வணக்கம்" என்று எழுதியதற்கு நாற்பது டாலர், அதுவும் நாலு நிமிஷத்துக்குள். (மூட்டம் நன்றாகத்தான் இருந்தது.)

அக்கா என்னிடம் காசு வரலை என்று சொல்லவில்லை. "யாராச்சும் படிச்சாங்களான்னே தெரியலையே தம்பி" என்றார். அப்புறம் எழுதவில்லை.

உங்களுக்குத் தெரிந்த கணக்குதான், ஆனாலும் சொல்கிறேன். முழு பலத்தில் ஓர் ஓட்டுப் போட்டால் ஓட்டு பலத்தில் 2 சதவீதம் குறையும், ஒரு நாளில் 20 சதவீதம் திரும்ப ஊறும், ஆக நாளைக்குப் பத்து முழு ஓட்டு. எனக்கும் பத்து, உங்களுக்கும் பத்து. ஆனால் என் பத்தும் சேர்ந்து ஒரு டீக்குக் காணாது, உங்கள் ஒன்று ஒரு வாரக் கூலி. எல்லாருக்கும் ஒரே பானையிலிருந்துதான் படி அளக்கிறார்கள், அதனால் உங்கள் பதிவுக்கு நீங்களே போட்டுக்கொள்ளும் ஓட்டுக்கான காசு மற்றவர்களுக்குப் போகவேண்டியதிலிருந்துதான் வருகிறது. ஸ்டீம் 2016-ல் தொடங்கியபோது இன்னும் மோசம், பத்து மடங்கு பங்கு இருந்தால் நூறு மடங்கு பலம். 2017 ஜூனில் அதை நேர்க்கோடாக்கினார்கள், பத்து மடங்கு பங்குக்குப் பத்து மடங்கு பலம். 2019 ஆகஸ்டில் மறுபடி வளைத்து, குறைவாக ஓட்டு விழும் பதிவுகளுக்கு இன்னும் குறைத்து, எழுதுகிறவரின் 75 சதவீதத்தையும் 50 ஆக்கி, மீதிப் பாதியை ஓட்டுப் போடுகிறவருக்கே கொடுத்தார்கள். நல்லதைத் தேடிப் படிப்பார்கள் என்ற நினைப்பில். எப்படியும் நிறைய ஓட்டு விழப்போகிற பெயருக்குத் தானாக ஓட்டுப் போடும்படி செட் பண்ணிவிட்டுத் தூங்கினாலே அந்தப் பாதி வரும் என்றால் யார் தேடுவார்கள்?

எங்கள் ஊர்க் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையில் கால் ஏக்கர்காரருக்கும் ஒரு ஓட்டு, பத்து ஏக்கர்காரருக்கும் ஒரு ஓட்டு. அதைப் பெருமையாகச் சொல்லிவிட்டேன், ஆனால் அங்கேயும் சண்டை இல்லாமல் இல்லை, இலைக்கு விலையும் கட்டுபடியாவதில்லை. இணையத்தில் அது நடக்காது என்பதும் தெரியும்: ஆளுக்கு ஓர் ஓட்டு என்றால் ஒருத்தனே ஆயிரம் கணக்குத் திறப்பான். பங்கை வைத்துத்தான் ஓட்டு என்பதற்கு அந்தக் காரணம் இருக்கிறது, அதை மாற்றச் சொல்லி நான் வரவில்லை. ஆனால் இலை எடை போடும் இடத்தில் தராசு கொழுந்து யாருடையது என்று பார்ப்பதில்லை. இங்கே தராசே நீங்கள்தான், கொழுந்தும் உங்களுடையதுதான்.

2020-ல் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பிப்ரவரியில் டிரான் காயினைத் தொடங்கிய ஜஸ்டின் சன், ஸ்டீமை உருவாக்கிய ஸ்டீமிட் நிறுவனத்தை வாங்கினார், மார்ச் 2-ம் தேதி பைனான்ஸ், ஹூவோபி, போலோனியெக்ஸ் என்ற மூன்று காயின் எக்ஸ்சேஞ்சுகளும் வாடிக்கையாளர்கள் போட்டு வைத்த காயின்களையே வைத்து அவருக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டு, சங்கிலியை (பிளாக்செயினை) நடத்தும் விட்னஸ்களை ஒரே நாளில் தூக்கிவிட்டன. அப்போது பெரிய பங்குகாரத் திமிங்கிலங்கள் எல்லாம் என்ன சொன்னார்கள்? பணம் நிறைய வைத்திருக்கிறான் என்பதற்காக ஒருத்தன் எல்லாவற்றையும் தீர்மானிப்பதா என்றார்கள். நியாயமான கோபம், மார்ச் 20-ம் தேதி பிரிந்து போய் ஹைவ் என்று தனியாகவே தொடங்கினார்கள். என்ன, சின்ன மீன்களுக்கு அந்த மார்ச் 2 தினமும் நடக்கிறது. அவர்கள் பிரிந்துபோய் புதுச் சங்கிலியா தொடங்க முடியும், ஆப்பை அழித்துவிட்டுப் போகிறார்கள், நீங்கள் அதற்குப் பொறுமை இல்லை என்று பெயர் வைக்கிறீர்கள்.

சரி, என்ன கேட்கிறேன் என்றால், உங்கள் பத்தில் இரண்டு. எட்டை எப்படியோ போட்டுக்கொள்ளுங்கள், தானியங்கியில் வைத்துக்கொள்ளுங்கள், மச்சானுக்கே போடுங்கள். இரண்டை மட்டும் தினமும் கையால், சேர்ந்து மூன்று மாதம் ஆகாத ஒருவருக்கு, பதிவைக் கடைசிவரை படித்துவிட்டுப் போடுங்கள். கீழே ஒரு வரி எழுதுங்கள். "அருமை" வேண்டாம், படித்தவர் மட்டுமே எழுதக்கூடிய ஒரு வரி. பிடிக்கவில்லை என்றால் அதையும் சொல்லலாம், எங்கள் ஊரில் அதற்கெல்லாம் யாரும் கோபித்துக்கொள்வதில்லை (கொஞ்சம் கோபித்துக்கொள்வார்கள்).

இதை எழுதுவதற்கு முன்னால் அக்காவின் கணக்கைப் போய்ப் பார்த்தேன். பதினொன்றும் அப்படியே இருக்கின்றன. ஏழு நாள் தாண்டிவிட்டதால் இனி ஓட்டுப் போட்டால் ஒரு சென்டும் சேராது. கவாத்தைப் பற்றிய நாலாவது பதிவில் பின்னூட்டம் இப்போதும் போடலாம்.

இப்படிக்கு,
கோத்தகிரியில் மிச்சமிருக்கும் ஒருத்தன்