சல்வடோருக்கு ஐந்து இரவுகள்: ஏன் வற்புறுத்துகிறோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம்.

பிரேசில் பயணத்துக்கு விலை விவரம் கேட்டு எழுதுவோரில் பெரும்பாலானவர்கள் ஊர்களை ஒரே வரிசையில்தான் குறிப்பிடுகிறார்கள். ரியோவில் நான்கு இரவு, இகுவாசு அருவியில் இரண்டு இரவு, நாள் மிஞ்சினால் சல்வடோரில் ஒன்றோ இரண்டோ. நாங்கள் பதில் அனுப்பும்போது சல்வடோருக்கு ஐந்து இரவு என்று மாற்றி அனுப்புகிறோம். உடனே தொலைபேசி வருகிறது: “ஒரு பழைய ஊருக்கு எதற்கு இத்தனை நாள்? செலவு கூடுகிறதே?” கேள்வி நியாயமானது. ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகச் சொல்வதைவிட, எல்லோருக்குமாக முழுதாக எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

சல்வடோர், பாயியா மாநிலத்தின் தலைநகர். 1549இல் தொமே தே சோசா என்ற போர்த்துகீசிய ஆளுநர் வந்து நிறுவிய ஊர். 1763இல் தலைநகரம் ரியோவுக்கு மாறும் வரை பிரேசிலின் தலைநகராக இருந்தது இதுதான். அனைத்துப் புனிதர் விரிகுடாவின் வாயில், செங்குத்தான ஒரு மேட்டின்மீது ஆட்சியும் தேவாலயங்களும், அதன் அடிவாரத்தில் துறைமுகமும் கிடங்குகளும் என்று இரண்டு அடுக்காகக் கட்டினார்கள். இன்றும் மேல் நகரம், கீழ் நகரம் என்றுதான் ஊரார் பிரித்துப் பேசுகிறார்கள். இரண்டையும் இணைப்பது லசேர்தா மின்தூக்கி. 1873இல் திறக்கப்பட்டது, 72 மீட்டர் உயரம். அரை நிமிடத்தில் ஏறிவிடலாம். மேலே வெளியே வந்ததும் விரிகுடா முழுவதும் கண்முன் விரிந்து கிடக்கும்.

இந்த நகரத்தின் செல்வம் எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டு போனால்தான் அங்கே பார்ப்பது எதுவும் பொருள்படும். சுற்றுவட்டாரத்தில் கரும்பு, புகையிலைத் தோட்டங்கள். அவற்றில் வேலை செய்ய ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைச் சங்கிலியிட்டுக் கொண்டுவந்து இறக்கிய பெரிய துறைமுகங்களில் இதுவும் ஒன்று. அமெரிக்கக் கண்டங்களிலேயே கடைசியாக, 1888 மே 13 அன்றுதான் பிரேசில் அடிமை முறையை ஒழித்தது. அட்டைப்படங்களில் நீலமும் மஞ்சளும் இளஞ்சிவப்புமாகச் சிரிக்கும் பெலோரின்யோ சதுக்கம், அடிமைகளைக் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்த தூண் நின்ற இடம். 1985இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த வட்டாரத்தின் நடுவே அது இருக்கிறது. அரைநாளில் படமெடுத்துக்கொண்டு திரும்புகிறவருக்கு அங்கே வண்ணச் சுவர்கள் மட்டுமே கிடைக்கும். அதனால்தான் இந்த வட்டாரத்துக்கு மட்டும் இரண்டு நாள் ஒதுக்குகிறோம். வரலாறு தெரிந்த உள்ளூர் வழிகாட்டியையும் சேர்க்கிறோம். கட்டண விவரத்தில் வழிகாட்டிக்கான தொகையை நீக்கச் சொல்லிக் கேட்பவர்களிடம், வேறு எதை வேண்டுமானாலும் குறைக்கலாம், இதை மட்டும் வேண்டாம் என்றுதான் சொல்கிறோம்.

அந்தச் சதுக்கத்தின் சரிவில் வெளிர்நீலத்தில் ஒரு தேவாலயம் நிற்கிறது. கறுப்பின மக்களின் செபமாலை அன்னை சபை கட்டியது. 1704இல் அவர்களுக்கு நிலம் கிடைத்தது. கட்டி முடிக்க ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. பகலெல்லாம் எசமானர்களுக்கு உழைத்தவர்கள், தங்களுக்கென்று மிஞ்சிய நேரத்தில் கல்மேல் கல் வைத்து எழுப்பிய கட்டடம் அது. பின்புறம் பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதையும் பார்க்காமல் வராதீர்கள். செவ்வாய்க்கிழமை மாலைத் திருப்பலியில் ஆப்பிரிக்க முரசுகள் ஒலிக்கும். பயண நாட்களுக்குள் ஒரு செவ்வாய்க்கிழமை வருமாறு நாங்கள் தேதி அமைப்பது இதற்காகத்தான். விமானக் கட்டணம் சில ஆயிரம் ரூபாய் கூடினாலும் இந்த மாற்றத்துக்கு உடன்படுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

உட்புறம் முழுவதும் பொன்தகடு வேய்ந்த புனித பிரான்சிஸ் தேவாலயத்தைப் பலர் முதலில் கேட்கிறார்கள். 2025 பிப்ரவரியில் அதன் கூரையின் ஒரு பகுதி இடிந்து விழுந்து, பார்க்க வந்திருந்த ஓர் இளம்பெண் உயிரிழந்தார். அதன் பின் தேவாலயம் மூடப்பட்டது. எனவே எங்கள் பயணத்திட்டத்தில் அதை உறுதியான இடமாக எழுதுவதில்லை. பக்கத்தில், பழைய யேசு சபையினரின் கதீட்ரல் இருக்கும் சதுக்கத்திலேயே ஆப்பிரிக்க-பிரேசில் அருங்காட்சியகம் இருக்கிறது. 1808இல் தொடங்கிய, நாட்டின் முதல் மருத்துவப் பள்ளியின் கட்டடம். அங்கே கரிபே என்ற கலைஞர் ஆப்பிரிக்கத் தெய்வங்களை ஆளுயர மரப்பலகைகளில் செதுக்கி, சிப்பியும் உலோகமும் பதித்து வைத்திருக்கிறார். அவசரமில்லாமல் நின்று பார்க்க வேண்டியவை.

மின்தூக்கியின் அடியில் மெர்காடோ மொடேலோ என்ற கைவினைச் சந்தை. அதன் நிலவறையில் அடிமைகளை அடைத்துவைத்திருந்தார்கள் என்று அங்கே அழுத்தமாகச் சொல்வார்கள். கட்டடம் 1861இல் சுங்கச் சாவடியாகக் கட்டப்பட்டது. கடல் வழி அடிமை வணிகத்தைப் பிரேசில் 1850இலேயே தடை செய்துவிட்டது. ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொண்டு அந்தக் கதையைக் கேளுங்கள். உண்மை நடந்த இடங்களே ஊர் முழுவதும் இருக்கும்போது, கற்பனைக்குத் தேவையே இல்லை.

இனி உணவு. எங்களிடம் வரும் கேள்விகளில் பாதி இதைப் பற்றித்தான். தெருமுனைகளில் வெள்ளைச் சரிகைப் பாவாடையும் தலைப்பாகையும் மணிமாலைகளும் அணிந்த பெண்கள் அக்கராஜே விற்பார்கள். காராமணியை ஊறவைத்து, தோல் நீக்கி அரைத்து, வெங்காயமும் உப்பும் சேர்த்த மாவு. அதை மரக்கரண்டியால் நுரைக்க நுரைக்க அடித்து, உருட்டி, சிவந்த செம்பனை எண்ணெயில் போடுகிறார்கள். உள்ளே பஞ்சுபோலவும் வெளியே மொறுமொறுப்பாகவும் எழும்பி வரும் அதைப் பார்த்தால் நம்மவர்களுக்கு வடை என்றே தோன்றும். பிறகு நடுவே பிளந்து, தேங்காய்ப்பாலும் கடலையும் சேர்ந்த ஒரு விழுது, வெண்டைக்காய்க் கூட்டு, காய்ந்த இறால், மிளகாய் எல்லாம் வைத்துத் தருவார்கள். இந்தப் பெண்களின் தொழிலையே 2005இல் பிரேசில் அரசு தேசியப் பண்பாட்டுச் செல்வமாகப் பதிவு செய்திருக்கிறது. ஆப்பிரிக்க வழிவந்த காந்தோம்ப்ளே சமயத்தில் இது தெய்வத்துக்குப் படைக்கும் உணவும்கூட.

சைவ உணவு உண்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உள்ளே வைக்கும் விழுதிலும் வெண்டைக்காய்க் கூட்டிலும் பெரும்பாலும் இறால் அரைத்துச் சேர்ந்திருக்கும். மேலே தூவிய இறாலை எடுத்துவிட்டால் போதாது. “செங் கமராவ்” (இறால் இல்லாமல்) என்று சொல்லி, மாவுருண்டையும் தக்காளிக் கலவையும் மிளகாயும் மட்டும் கேளுங்கள். வாழையிலையில் வேகவைத்த அபராவில் மாவிலேயே இறால் உண்டு, அது வேண்டாம். மீன் உண்பவர்களுக்குக் கவலையே இல்லை. தேங்காய்ப்பாலும் கொத்தமல்லியும் செம்பனை எண்ணெயும் சேர்த்து மண்சட்டியில் கொதிக்கக் கொதிக்க வரும் மொக்கேக்காவுக்காகவே இன்னொரு நாள் தங்கலாம். செம்பனை எண்ணெய் பழக்கமில்லாத வயிற்றுக்குக் கனமானது. முதல் நாள் இரவிலேயே அதில் இறங்காதீர்கள். சந்தையில் மாம்பழமும் பலாச்சுளையும் பார்ப்பீர்கள்; போர்த்துகீசியக் கப்பல்களில் நம் பக்கத்திலிருந்து போன மரங்கள் அவை.

எப்போது போகலாம்? நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே என்பதால் டிசம்பர் முதல் மார்ச் வரை கோடை. ஏப்ரல் முதல் ஜூலை வரை மழை அதிகம். பள்ளி விடுமுறை என்று மே மாதத்தில் கேட்பவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முதல் பயணத்துக்கு எங்கள் தேர்வு செப்டம்பர் முதல் நவம்பர் வரை. வெயில் தாங்கும், கூட்டமும் வாடகையும் அளவோடு இருக்கும். வடக்கே பிரயா தோ ஃபோர்தே கடற்கரையில் கடலாமைகள் முட்டையிட வரத் தொடங்கும் காலமும் அதுதான்.

திருவிழாவுக்காகவே போக விரும்பினால் கணக்கு வேறு. ஜனவரி நடுவில் ஒரு வியாழக்கிழமை, கீழ் நகரத்திலிருந்து பொன்ஃபிம் தேவாலயம் வரை ஏறத்தாழ 8 கிலோமீட்டர் ஊர்வலம் போய், வெண்ணிற உடைப் பெண்கள் நறுமண நீரால் படிகளைக் கழுவுவார்கள். பிப்ரவரி 2 அன்று சல்வடோரிலேயே இருக்கும் ரியோ வெர்மெல்யோ கடற்கரையில் கடலன்னை யெமன்ஜாவுக்குப் பூவும் சீப்பும் கண்ணாடியும் வாசனைத் திரவியமும் கூடைகூடையாகப் படகில் போகும். அதை ஒட்டி கார்னிவல். பல நாட்களுக்கு ஊரே தெருவில் இருக்கும். அறை வாடகை பல மடங்கு ஏறும். முதல்முறை போகிறவர்கள், அதிலும் பெற்றோருடன் போகிறவர்கள், கார்னிவலைத் தவிர்ப்பது நல்லது என்பது எங்கள் கருத்து. ஆனாலும் ஒரு காட்சிக்காக மனம் இளகிவிடுகிறது. 1949இல், காந்தியடிகள் கொலையுண்ட மறு ஆண்டு, சல்வடோர் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கறுப்பினத் தொழிலாளர்கள் ‘ஃபில்யோஸ் தே காந்தி’ என்ற குழுவைத் தொடங்கினார்கள். காந்தியின் பிள்ளைகள் அவர்கள். இன்றும் ஆயிரக்கணக்கான ஆண்கள் வெள்ளை உடையும் தலைப்பாகையும் நீலமும் வெள்ளையுமான மணிமாலையும் அணிந்து, அமைதி வேண்டி முரசு கொட்டிப் போகிறார்கள். இந்தியாவிலிருந்து வந்திருக்கிறோம் என்று சொன்னால் போதும். மற்ற மாதங்களில் போனாலும் பெலோரின்யோவில் அவர்களுடைய இல்லத்தைப் பார்க்கலாம்.

எங்கள் பட்டியலில் காந்தோம்ப்ளே சடங்கு ஒரு ‘நிகழ்ச்சி’யாக ஏன் இல்லை என்றும் கேட்கிறார்கள். அது வழிபாடு. நெடுங்காலம் காவல்துறையின் ஒடுக்குமுறைக்குத் தப்பி மறைவில் காப்பாற்றி வந்த வழிபாடு. விருந்தினரை ஏற்கும் வழிபாட்டு இல்லங்கள் உண்டு. வெளிர்நிற உடை, கைப்பேசி பைக்குள், இடையில் எழுந்து போகாமை ஆகியவற்றுக்கு உடன்படுபவர்களை மட்டும் உரியவர்களிடம் கேட்டு அழைத்துப் போகிறோம். அதற்குச் சீட்டு விற்பதில்லை.

தங்குமிடம் இரண்டு வகை. முழங்கால் வலி இல்லாதவர்களுக்கு பெலோரின்யோவை அடுத்த சான்ட்டோ அன்டோனியோ தெருக்கள். பழைய வீடுகளைச் சிறு விடுதிகளாக மாற்றியிருக்கிறார்கள். கருங்கல் பாவிய ஏற்ற இறக்கங்கள் உண்டு. மூத்தவர்களுக்கு பார்ரா. சமதரை, அமைதியான கடற்கரை. கலங்கரை விளக்கத்தடியில் உட்கார்ந்தால் கதிரவன் நீரில் மறைவதைப் பார்க்கலாம். இருட்டியபின் பெலோரின்யோவின் முதன்மைத் தெருக்களை விட்டுப் பக்கச் சந்துகளுக்குள் போகாதீர்கள். கீழ் நகரத்தின் வணிகப் பகுதி இரவிலும் ஞாயிறன்றும் வெறிச்சோடிவிடும். அங்கே நடக்க வேண்டாம், கார் அழையுங்கள். தங்க நகையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தாலிச் சங்கிலியை ஆடைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியை நீட்டிப் பிடித்தபடி நடக்காதீர்கள். கையில் வண்ண நாடாவைக் கட்டிவிட்டுப் பணம் கேட்பவர்களிடம் புன்னகையோடு தலையசைத்து நகர்ந்துவிடலாம்.

இப்போது தாள்கள். இந்தியக் குடிமக்களுக்குப் பிரேசில் விசா தேவை. அதைவிட அதிகம் பேர் மறப்பது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பிரேசிலிலிருந்து திரும்பும்போது சான்றிதழ் காட்ட முடியாவிட்டால் இந்திய விமான நிலையத்திலேயே 6 நாட்கள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி இருக்கிறது. ஊசி போட்ட 10 நாட்களுக்குப் பிறகுதான் சான்றிதழ் செல்லுபடியாகும்; பின் ஆயுள் முழுவதும் போதும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்திலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். 60 வயதைத் தாண்டியவர்களும், முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும், கருவுற்றிருப்பவர்களும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் போய் நிற்க வேண்டாம். சான்றிதழில் உங்கள் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். நம் ஊரில் முன்னெழுத்தோடு எழுதிப் பழகியவர்கள் அங்கே தந்தை பெயரை விரித்து எழுதச் சொல்லி, எழுதியதை அங்கேயே சரிபார்த்து வாங்குங்கள்.

நேரடி விமானம் கிடையாது. துபாய் அல்லது தோஹா வழியாக சாவோ பாலோ, அங்கிருந்து ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் சல்வடோர். சாவோ பாலோவில் குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து, சுங்கம் கடந்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். அதற்காகத்தான் இடையில் குறைந்தது நான்கு மணி நேரம் விடுகிறோம். நம் நேரத்தைவிட எட்டரை மணி நேரம் பின்னால் இருப்பார்கள். முதல் நாளை வெறுமையாக விட்டிருப்பது அதனால்தான். மின்னழுத்தம் பிரேசிலில் ஊருக்கு ஊர் 127, 220 என்று மாறும், செருகியும் வேறு. இங்கிருந்து சோறு வடிக்கும் மின்பாத்திரம் கொண்டுபோக நினைப்பவர்கள் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கட்டுங்கள். அட்டை எல்லா இடங்களிலும் ஓடும். தெருக்கடைகளுக்குப் பிரேசில் நாணயமான ரெயாலில் சில்லறை நோட்டுகள் கொஞ்சம் இருக்கட்டும்.

ஐந்தாவது நாளை மட்டும் உங்கள் விருப்பத்துக்கு விட்டிருக்கிறோம். ஆமைக் கடற்கரை ஒரு வழி. உள்நாட்டில் பராகுவாசு ஆற்றங்கரையில் இருக்கும் கச்சோயிரா என்ற பழைய ஊர் இன்னொரு வழி. கறுப்பினப் பெண்களின் நல்மரண அன்னை சபை ஆகஸ்ட் நடுவில் அங்கே விழா எடுக்கிறது. எது வேண்டும் என்பதை முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள்.

செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான பயணத்துக்கு, கடவுச்சீட்டின் முதல், கடைசிப் பக்க நகல்களையும் உடன் வருவோரின் வயதையும் உணவுப் பழக்கத்தையும் ஜூன் மாத இறுதிக்குள் எங்களுக்கு அனுப்பிவையுங்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவுடன் சான்றிதழின் படத்தையும் அனுப்புங்கள். பெயரை நாங்களும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கிறோம்.

அன்புடன்,
உங்கள் பயண ஏற்பாட்டாளர்கள்
திருச்சிராப்பள்ளி