வெள்ளையாக நின்றால் எல்லாம் நாரையா?

ஆசிரியருக்கு,

சேற்றில் வெள்ளையாக எது நின்றாலும் படத்தின்கீழ் ‘நாரை’ என்று போட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது கொக்கு.

வலசைக் காலத்தில் சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் குழப்புபவை மூன்று: பெரிய வெள்ளைக் கொக்கு, நடுத்தர வெள்ளைக் கொக்கு, சின்ன வெள்ளைக் கொக்கு. சின்னதைப் பிரிப்பது எளிது. அலகும் காலும் கறுப்பு, விரல்கள் மட்டும் மஞ்சள். சேற்றுக்குள் காலை வைத்திருந்தால் அதுவும் தெரியாது. அடுத்த அடி எடுத்துவைக்கும்வரை பொறுக்கவேண்டும்.

தகராறு மற்ற இரண்டில்தான். அலகின் நிறத்தை நம்பக்கூடாது. மஞ்சளாக இருப்பது இனப்பெருக்கக் காலத்தில் கறுத்துவிடும். பெரியது ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் என்றாலும், பக்கத்தில் வேறு பறவை இல்லாமல் படத்தில் அளவு பிடிபடாது. வாய்ப்பிளவை, அதாவது அலகின் இரு பாதிகளும் சேரும் கோட்டைப் பாருங்கள். பெரிய கொக்குக்கு அந்தக் கோடு கண்ணையும் தாண்டிப் பின்னால் ஓடும். நடுத்தரக் கொக்குக்குக் கண்ணுக்கு நேர்கீழே நின்றுவிடும். பக்கவாட்டில் தலை தெளிவாக விழுந்த ஒரு படம் போதும்.

1758ல் உயிரியலாளர் லின்னேயஸ் பெரிய கொக்குக்கு இட்ட இலத்தீன் பெயர் ஆர்டியா ஆல்பா. இதில் முதற்சொல் பேரினத்தை, அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதியைக் குறிக்கும். பிற்பாடு அந்தப் பேரினத்தை எக்ரெட்டா என்றார்கள், காஸ்மெரோடியஸ் என்றார்கள். இப்போது மறுபடியும் ஆர்டியா. சின்னக் கொக்கு எக்ரெட்டாவிலேயே இருக்கிறது. ஆக, நிறம் ஒன்றானாலும் பேரினம் வேறு. பாசிர் ரிஸ் பூங்கா மரங்களில் கூடு கட்டும் சாம்பல் நாரைதான் பெரிய கொக்குக்கு நெருங்கிய சொந்தம். அந்தக் கணக்கில் ‘நாரை’ என்று எழுதியவரை முழுக்கக் குறைசொல்லவும் முடியவில்லை! ஆனால் மஞ்சள்மூக்கு நாரை, செங்கால் நாரை எல்லாம் வேறு குடும்பம். அவை கழுத்தை நீட்டிப் பறக்கும். கொக்கும் சாம்பல் நாரையும் கழுத்தை மடக்கிக்கொண்டு பறக்கும்.

ஆசியாவின் பெரிய கொக்கை ஆர்டியா மொடெஸ்டா என்று தனி இனமாகப் பிரிப்பவர்களும் உண்டு. இலத்தீன் பெயர் இப்படி இடம் மாறிக்கொண்டே இருக்க, தமிழ்ப்பெயர் அசையவில்லை. உண்ணிக்கொக்கின் கிழக்கத்திய வகைக்கு 1783ல் வைத்த ‘கோரமாண்டஸ்’ என்ற பெயரோ நம் சோழமண்டலக் கரையிலிருந்து போனது.

எனவே பட விளக்கத்தில் ‘பெரிய வெள்ளைக் கொக்கு’ என்றே போடலாம். வாய்ப்பிளவு தெரியாத படமானால் ‘வெள்ளைக் கொக்கு’ என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

– வாசகர், ஈசூன்