அம்மாவை மறுபடி நடக்க வச்சவங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். ஆடில அம்மா மூச்சு முட்டி ஐசியூல கெடந்தது இதை படிக்கிற முக்காவாசி பேருக்கு தெரியும், நடுராத்திரில என் போனை எடுத்தவங்களே நீங்க தான, அதனால அந்த ஐசியூ கதைக்குள்ள திரும்ப போகல, போறதுக்கு தெம்பும் இல்ல. அம்மா நடக்குறாங்க. இதை டைப் பண்ணும்போதே கண்ணு கலங்குது, எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

நெறைய பேருக்கு நன்றி சொல்லணும், ஆனா மொதல்ல ஆஸ்பத்திரியில பயிற்சி குடுக்குற அந்த பிசியோ பொண்ணுக்கு. பேரு போடாதீங்கக்கான்னு அவளே சொல்லிட்டா, அதனால போடல. அவ அங்க மேல்படிப்பு படிக்கிறா, சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சு விட கஷ்டப்படுத்துற நாள்பட்ட நுரையீரல் நோய், அம்மாவுக்கும் அது தான், அது இருக்கறவங்க உடற்பயிற்சி பண்ணும்போது கால் தசையிலயும் மூளையிலயும் ஆக்சிஜன் எப்படி ஏறி இறங்குதுன்னு பாக்குறது தான் அவளோட ஆராய்ச்சி. அம்மாகிட்ட வந்து கேட்டப்போ நான் யோசிச்சேன், பொழைச்சு வந்தவங்கள போட்டு இதெல்லாம் எதுக்குன்னு. அம்மா தான் "புள்ள படிப்புக்கு தான கேக்குது, இருந்துட்டு போகட்டும்"னு சரின்னு சொன்னாங்க.

அம்மா பீடி சிகரெட் வாடையே ஆகாதவங்க. கல்யாணம் ஆனதுல இருந்து விறகடுப்புல இட்லி கடை, ஓலை கூரை, ஜன்னல் கிடையாது, அந்த புகை தான் நுரையீரலை இப்படி ஆக்கிருச்சுன்னு டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்தப்புறம் ஒரே பயம், ரெண்டு எட்டு வச்சா மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினா மறுபடி அதே மாதிரி ஆயிரும், தலை சுத்தி விழுந்துருவோம்னு கட்டிலை விட்டு எறங்கவே மாட்டேன்னுட்டாங்க. சாப்பாடு கட்டில்ல, எல்லாமே கட்டில்ல. கால் ரெண்டும் குச்சியா போச்சு. ஆக்சிஜன் அளவு பாக்க விரல்ல மாட்டுற மெஷின் கொரோனாவுக்கப்புறம் எல்லார் வீட்லயும் இருக்கே, அதை மாட்டிக்கிட்டு நாள் பூரா அந்த நம்பரையே பாத்துட்டு இருப்பாங்க, எழுந்து நின்னு 88னு காட்டினா போதும் உடனே படுத்துருவாங்க.

இப்ப அந்த பொண்ணு செஞ்சதை சொல்றேன். தொடையில ஒரு பட்டையும் நெத்தியில ஒண்ணும் கட்டணும். எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு திரையை இழுத்துவிட்டு, ஒவ்வொண்ணுக்கும் "அம்மா இங்க தொடலாமா"ன்னு கேட்டு கேட்டு தான் கட்டியிருக்கா, அம்மா அப்புறமா சொன்னாங்க. நெத்தி பட்டைக்கு அம்மாவோட ஸ்டிக்கர் பொட்டு இடைஞ்சலா இருந்துச்சு. பஞ்சை எடுத்து ஒரே இழுப்பா துடைச்சிருக்கலாம், அங்க தெனமும் எத்தனை பேரை பாக்குறா. நகத்தால மெதுவா எடுத்து, கீழ விழாம தன்னோட ஐடி கார்டு ஓரத்துல ஒட்டி வச்சுக்கிட்டா, எல்லாம் முடிஞ்சு பட்டையை கழட்டினதும் அதே எடத்துல திரும்ப வச்சுவிட்டா. ஐசியூல இருந்தப்போ எங்கம்மா ஒரு பெட் நம்பர். அதுக்கப்புறம் அவங்கள ஒரு மனுஷியா தொட்ட மொத கை அது தான், எனக்கு அப்படி தான் தோணுது.

அப்புறம் அவ கம்ப்யூட்டர் ஸ்க்ரீனை அம்மா பக்கம் திருப்பி வச்சா. அவ்வளவு தான் செஞ்சா. வழக்கமா அது டாக்டர் பக்கம், இல்லன்னா சுவத்து பக்கம் இருக்கும், நோயாளி பக்கம் திரும்பி நான் பாத்ததே இல்ல.

ஸ்க்ரீன்ல ரெண்டு கோடு, காலுக்கு ஒண்ணு தலைக்கு ஒண்ணு. கால்னு போட்டிருந்த எடத்துல 64 காட்டினதும் எனக்கு ஒடம்பெல்லாம் சில்லுன்னு ஆயிருச்சு. அவ சொன்னா, அக்கா இது விரல்ல பாக்குற நம்பர் இல்ல, விரல் மெஷின் ரத்தக்குழாய்ல எவ்வளவு ஆக்சிஜன் வந்து சேருதுன்னு மட்டும் தான் சொல்லும், இது தசை எடுத்துக்கிட்டது போக அங்க மிச்சம் எவ்வளவு இருக்குன்னு காட்டுது, நல்லா இருக்கறவங்களுக்கே சும்மா உக்காந்திருக்கும்போது 60, 70ன்னு தான் இருக்கும்னு. கண்ணுக்கு தெரியாத ஒரு ஒளியை தோல் வழியா உள்ள அனுப்புறாங்களாம், ஆக்சிஜன் இருக்குற ரத்தமும் இல்லாத ரத்தமும் அந்த ஒளியை வேற வேற அளவுல உறிஞ்சுமாம், திரும்பி வர்றதை வச்சு கணக்கு போடுறாங்க. ஊசி இல்ல, ரத்தம் எடுக்கல.

அம்மா உக்காந்தபடியே சைக்கிள் மிதிச்சாங்க. கால் கோடு மளமளன்னு இறங்குச்சு. தலை கோடு லேசா இறங்கி அப்படியே நின்னுக்கிச்சு. அப்ப அந்த பொண்ணு சொன்னா, "அம்மா தலை சுத்தி விழுந்துருவேன்னு சொன்னீங்கல்ல, பாருங்க உங்க தலைக்கு போக வேண்டியது போய்ட்டு தான் இருக்கு, கால் தான் கேக்குது." மூளை ஒடம்பு எடையில 2 சதவீதம் தான், ஆனா சும்மா இருக்கும்போதே நாம எடுக்குற ஆக்சிஜன்ல 20 சதவீதம் அதுக்கு போகுது, ரத்தத்துல ஆக்சிஜன் குறைஞ்சா மூளைக்கு போற குழாய்ங்க விரிஞ்சு ரத்தத்தை கூட்டிக்கும்னு விளக்கினா. சிலருக்கு தலை கோடும் கீழ போகும், அப்படி போனா ஒடனே நிறுத்திருவோம்னும் மறைக்காம சொன்னா.

காலுக்கு ஏன் பத்தலன்னா, சிஓபிடி இருக்கறவங்களுக்கு மூச்சு இழுத்து விடுறதே பெரிய வேலை, மூச்சு தசைங்க அதுங்க பங்குக்கு மேல ரத்தத்தை வாங்கிக்கும், காலுக்கு வர்றது குறையும், போதாக்குறைக்கு படுத்தே கெடந்த காலுக்கு வர்ற ஆக்சிஜனை உபயோகிக்கிற சக்தியும் போயிரும். இதெல்லாம் எனக்கு சொன்னது. அம்மாவுக்கு அவ சொன்னது ஒண்ணே ஒண்ணு தான். மிதிக்கிறதை நிறுத்த சொல்லிட்டு, உதட்டை குவிச்சு மெதுவா ஊத சொல்லிட்டு, "இப்ப கோட்டை மட்டும் பாருங்கம்மா"ன்னா.

கோடு ஏறுச்சு. நிதானமா தான் ஏறுச்சு, ஆனா ஏறிக்கிட்டே போய் ஆரம்பிச்ச எடத்துக்கே வந்துருச்சு. அம்மா வாய தொறந்து பாத்துட்டே இருந்தாங்க. "அப்போ போனது திரும்ப வருதா தாயி?"ன்னு கேட்டாங்க. "வரும்மா, நீங்க நின்னா வரும், வந்ததும் மறுபடி போலாம்." அன்னைல இருந்து அந்த பயம் போயிருச்சு. மூச்சு வாங்குது, ஆனா சாவு வந்துருச்சுன்னு இப்ப நெனைக்கிறதில்ல, நின்னு, சுவத்துல கை ஊணி, உதட்டை குவிச்சு ஊதிட்டு, "காலுக்கு வந்துருச்சு"ன்னு சொல்லிட்டு மறுபடி நடக்குறாங்க. எத்தனையோ பேர் நடங்கம்மா நடங்கம்மான்னு சொல்லி பாத்தோம், கண்ணுல காட்டினது அந்த பொண்ணு தான்.

நுரையீரலை என்னால மாத்த முடியாதும்மா, காலை மாத்தலாம்னு அவ சொன்னது அப்படியே நடந்துச்சு. நுரையீரல் எவ்வளவு காத்தை வெளிய தள்ளுதுன்னு பாக்குற ஊதுற டெஸ்ட்ல நம்பர் பெருசா ஒண்ணும் மாறல, ஆனா 6 நிமிஷ நடையில ஆரம்பத்துல 170 மீட்டர் போனவங்க இப்ப 240 போறாங்க.

மத்தவங்க எல்லாரையும் ஒண்ணா சொல்றேன், கோச்சுக்காதீங்க. அந்த 30 மீட்டர் வராண்டாவுல அம்மா எங்க தடுமாறினாலும் உக்காரட்டும்னு பிளாஸ்டிக் சேரை தூக்கிட்டு பின்னாடியே வந்த வார்டு அண்ணன், ராத்திரி ஆட்டோ ஓட்டின மாரி தம்பி, கடையை பாத்துக்கிட்ட பக்கத்து வீட்டு அத்தை, பணம் அனுப்பிட்டு பேரு சொல்ல வேணாம்னவங்க. அப்புறம் அந்த நெஞ்சு டாக்டர், வீட்டுக்கு ஆக்சிஜன் மெஷின் வாங்க நகையை அடகு வைக்க கெளம்பினவங்கள நிறுத்தி உக்கார வச்சு, சும்மா இருக்கும்போதே ரொம்ப குறைவா இருக்கறவங்களுக்கு தான் அது ஆயுசை கூட்டும், நடக்கும்போது மட்டும் ஓரளவுக்கு இறங்குறவங்களுக்கு அதனால ஆயுசு கூடலன்னு 2016ல அமெரிக்காவுல பெரிய ஆய்வே வந்துருக்கு, உங்கம்மாவுக்கு இப்ப பயிற்சி தான் வேணும்னு எடுத்து சொன்னார். விக்கிறவங்க பேச்சை மட்டும் கேட்டிருந்தா அந்த நகை இன்னிக்கு எங்ககிட்ட இருந்திருக்காது. உங்க எல்லாருக்கும் நாங்க கடமைப்பட்டிருக்கோம்.

கடையில இப்ப கேஸ் அடுப்பு தான், கூரையை உயர்த்தி புகைப்போக்கியும் வச்சாச்சு, தம்பி பாத்துக்குறான். நான் ஒரு முடிவு எடுத்திருக்கேன். எங்க தெருவுலயே இன்னும் ரெண்டு வீட்ல விறகடுப்புகிட்ட உக்காந்து இருமிட்டு இருக்குற பொம்பளைங்க இருக்காங்க, வயசானா இப்படி தான்னு சொல்லிட்டு டாக்டர்கிட்டயே போனதில்ல. அவங்கள அந்த ஊதுற டெஸ்ட்டுக்கு கூட்டிட்டு போறது என் பொறுப்பு, ஆட்டோ காசும் என்னோடது, அம்மாவும் கூட வர்றேன்னு சொல்லிட்டாங்க.

பிசியோ தங்கச்சி, நீ இதை படிப்பன்னு தெரியும். வர்ற திங்கக்கிழமை காலைல மொத ஆளா நாலு பேர் வர்றோம், நேரம் ஒதுக்கி வை.