முதல் பலகாரம் செய்யப்போகும் என் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

நேற்றிரவு நீ தொலைபேசியில் அழைத்து, "அத்தை, இந்தத் தீபாவளிக்கு நான் வெறுங்கையோடு வரமாட்டேன். நானே ஏதாவது செய்து கொண்டுவருகிறேன். எதைச் செய்யட்டும்?" என்று கேட்டாய். எனக்கு மனம் நிறைந்துவிட்டது. நான் பதில் சொல்வதற்குள் உனக்கு வேலைக்குக் கிளம்பும் நேரம் வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். அடுப்படியில் வைத்துப் பார்த்துக்கொள்ள எழுத்தாக இருப்பதே நல்லது.

முதலில் முறுக்கை மறந்துவிடு. உனக்கு அதுதான் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் மாவின் பதம், எண்ணெயின் சூடு, பிழிகிற கை மூன்றும் ஒரே நேரத்தில் கூடிவந்தால்தான் முறுக்கு. அச்சு முறுக்கும் அப்படித்தான். அச்சு சரியாகச் சூடேறாவிட்டால் மாவு ஒட்டாது. விளிம்புவரை மாவில் முக்கிவிட்டால் கழன்று வராது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வாடகை வீட்டில், ஒற்றை அடுப்பை வைத்துக்கொண்டு, பக்கத்தில் சொல்லித்தர யாருமில்லாமல் கொதிக்கும் எண்ணெயோடு நீ போராட வேண்டாம். அடுத்த ஆண்டு இங்கே என் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்.

இந்த ஆண்டு தேங்காய் மிட்டாய் செய். ஒரு வாணலியும் ஒரு கரண்டியும் போதும். அதைவிட முக்கியமாக, பதம் என்றால் என்ன என்பதை உன் கண்ணுக்கு முன்னாலேயே காட்டித்தரும் பலகாரம் அது.

தேங்காய்த் துருவலைச் சந்தையில் வாங்கும்போது வெள்ளைத் துருவலாகக் கேட்டு வாங்கு. பழுப்புத் தோலைச் சீவி எடுத்துவிட்டுத் துருவியது அது. குழம்புக்குப் பிழிகிற சாதாரணத் துருவலில் செய்தால் மிட்டாயின் நிறம் மங்கிவிடும். துருவல் 400 கிராம், சீனி 350 கிராம், டின்னில் விற்கும் இனிப்பில்லாத பால் 150 மில்லி, நெய் இரண்டு மேசைக்கரண்டி எடுத்துக்கொள். தேநீருக்கு ஊற்றும் இனிப்புப் பாலை வாங்கிவிடாதே. சீனியின் கணக்கு தப்பிவிடும். நெய்யைத் தவிர எல்லாவற்றையும் வாணலியில் கொட்டி, வாசனைக்கு இரண்டு பாண்டான் இலையை முடிச்சுப் போட்டு அதில் போடு. தீ எப்போதும் நடுத்தரத்துக்குக் கீழேதான் இருக்க வேண்டும்.

ஐந்து நிமிடத்தில் சீனி உருகி எல்லாம் நீர்த்துப்போகும். புதிதாகச் செய்கிறவர்கள் பயந்து தீயைக் கூட்டுவது அந்த நேரத்தில்தான். நீ கூட்டாதே, கிளறிக்கொண்டே இரு. சிறிது சிறிதாகக் கலவை கனக்கும்; பெரிய குமிழிகள் மெதுவாக வெடிக்கும். நெய்யை அப்போது ஊற்று. இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் கலவை முழுவதும் கரண்டியோடு திரண்டு வரும். கரண்டி போன வழியில் வாணலியின் அடி தெரியும். ஓரத்தில் சீனி வெள்ளையாகப் பூத்து நிற்பதைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிடு. இலையை எடுத்துவிட்டு ஒரு சொட்டு ரோஸ் நிறம் கலந்து, நெய் தடவிய 20 செ.மீ. தட்டில் கொட்டி, கிண்ணத்தின் அடியால் அழுத்திச் சமப்படுத்து. பத்து நிமிடம் கழித்து, இளஞ்சூட்டிலேயே கத்தியால் கோடு போட்டுவிடு. முழுக்க ஆறிய பிறகுதான் துண்டுகளைப் பிரிக்க வேண்டும்.

எனக்குப் பத்தொன்பது வயதில், முதன்முதலாகச் செய்தபோது, அடிப்பிடித்துவிடுமோ என்ற அச்சத்தில் சீக்கிரமே தட்டில் கொட்டிவிட்டேன். இரண்டு மணி நேரமாகியும் இறுகவில்லை. விருந்தாளிகள் மறுநாள் வரப்போகிறார்கள் என்று நான் அழுதுகொண்டு நின்றேன். உன் பாட்டி ஒரு சொல்லும் சொல்லாமல் எல்லாவற்றையும் வழித்து மறுபடியும் வாணலியில் போட்டு, கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டார். எட்டு நிமிடத்தில் சரியாகிவிட்டது. உனக்கும் அப்படி ஆனால் தூக்கிப் போட்டுவிடாதே. இளகியிருந்தால் மறுபடியும் அடுப்பில் ஏற்று. பதம் மிஞ்சிப் பொடிப்பொடியாக உதிர்ந்தால் இரண்டு மேசைக்கரண்டி பால் விட்டுச் சூடாக்கிக் கிளறு, திரும்பச் சேர்ந்துவிடும்.

இரண்டாவதாக நெய் பிஸ்கட். இதற்குக் கட்டாயம் எடை பார்க்கும் சிறு தராசு ஒன்றை வாங்கிவிடு. கப் அளவை நம்பாதே. மாவை அழுத்தி நிரப்புகிறவர் ஒருவர், தூவி நிரப்புகிறவர் ஒருவர். மைதா 200 கிராம், ஐசிங் சீனி 100 கிராம், நெய் 120 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் ஏலக்காய்ப் பொடி. ஆட்டா மாவு இதற்கு ஆகாது. போன முறை நான் கொடுத்தனுப்பிய பாலிக் புலாவ் ஜாதிக்காய் இன்னும் இருந்தால் சிறிதளவு சுரண்டிப் போடு. நம் பினாங்கு மணம் உன் சமையலறைக்கு வந்துவிடும்.

மாவையும் சீனியையும் சலித்துக்கொண்டு, நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து விரல் நுனியால் பிசிறு. நெய் உறைந்த மெழுகு போலவும் இருக்கக்கூடாது, உருகி ஓடவும் கூடாது. பிடித்தால் பிடிபடும் அளவுக்கு வந்ததும் நிறுத்திக்கொள். சப்பாத்தி மாவைப் போல அடித்துப் பிசைந்துவிடாதே. மாவு வறண்டு உதிர்ந்தால் இன்னும் ஒரு கரண்டி நெய் விடலாம். தண்ணீரோ பாலோ ஒரு சொட்டுக்கூட விடாதே. கோதுமை மாவில் நீர் பட்டால் அதிலுள்ள புரதம் இழை இழையாகப் பின்னிக்கொள்ளும். சப்பாத்திக்கு அந்த இழுவை தேவை, பிஸ்கட்டுக்கு அது பகை. வெண்ணெயில் நூற்றுக்குப் பதினாறு பங்கு அளவில் நீர் இருக்கிறது. அதைக் காய்ச்சி நீரை விரட்டியதுதான் நெய். நெய் பிஸ்கட் வாயில் போட்டதும் கரைந்துவிடுவது அதனால்தான்.

நெல்லிக்காய் அளவு உருட்டி, இடைவெளி விட்டு அடுக்கு. உன் ஓவன் மேசைமேல் வைக்கும் சிறிய ஓவன். அதில் மேல்கம்பி தட்டுக்கு மிக அருகில் இருக்கும். தட்டைக் கீழ் வரிசையில் வை. 160 டிகிரி, 15 முதல் 18 நிமிடம். ஆனால் எல்லாவற்றையும் ஒரேயடியாக உள்ளே தள்ளிவிடாமல் முதலில் நான்கை மட்டும் வைத்துப் பார். ஒவ்வோர் ஓவனுக்கும் ஒரு குணம் உண்டு. உன் ஓவனின் குணத்தை அந்த நான்கு பிஸ்கட்டுகள் சொல்லிவிடும். மேற்புறம் வெள்ளையாகவே இருக்க வேண்டும், அடிப்புறம் மட்டும் லேசாகப் பொன்னிறம் காட்ட வேண்டும். வெளியே எடுத்ததும் மெத்தென்று இருக்கிறதே, வேகவில்லையோ என்று மறுபடியும் உள்ளே வைத்துவிடாதே. சூட்டில் அது அப்படித்தான் இருக்கும். பத்து நிமிடம் தட்டிலேயே கிடக்கட்டும், தொடாதே.

இதில் முட்டை சேராதது எனக்குப் பெரிய ஆறுதல். தீபாவளி முடிந்ததும் சஷ்டி விரதம் தொடங்கிவிடும்; விரதக்காரர்கள் நம் வீட்டுக்கு வந்தாலும் தயங்காமல் தட்டை நீட்டலாம். கீழ்வீட்டு மலாய்க் குடும்பத்துக்கும் எதிர்வீட்டுச் சீனப் பாட்டிக்கும் நாம் தட்டு கொடுப்பது உனக்குத் தெரியும். யாருக்கும் ஒரு சந்தேகமும் எழாத பலகாரத்தைக் கொடுப்பதில் ஒரு மரியாதை இருக்கிறது. மிட்டாய்க்கு, விலங்கின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கும் ஜெலட்டின் போடும் செய்முறைகள் கண்ணில் பட்டால் அவற்றை நீ தொட வேண்டாம்.

நேரம் இருந்தால் மட்டும் கடலை மிட்டாய். வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 250 கிராம், வெல்லம் 200 கிராம். வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, வடிகட்டிக் காய்ச்சு. குளிர்ந்த நீரில் ஒரு சொட்டு விட்டு எடுத்துப் பார். வளைந்தால் இன்னும் ஆகவில்லை, கண்ணாடி போலப் பட்டென்று உடைந்தால் ஆகிவிட்டது. உடனே கடலையைக் கொட்டிக் கலந்து, நெய் தடவிய தட்டில் பரப்பிவிடு. அந்தப் பாகு 150 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். கொதிநீரைவிடக் கொடியது, தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் குளிர்ந்த நீர் வைத்துக்கொள். கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு வந்து நில்.

பொருள்களுக்கு நீ அலைய வேண்டியதில்லை, ஜாலான் துன் சம்பந்தன் கடைகளிலேயே எல்லாம் கிடைத்துவிடும். நெய் பிஸ்கட்டைப் பத்து நாள் முன்னதாகவே செய்து வைக்கலாம், கெடாது. தேங்காய் மிட்டாய் பச்சைத் தேங்காயில் செய்வது என்பதால் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு செய்தால் போதும். எதுவானாலும் முழுக்க ஆறிய பிறகே சிவப்பு மூடி போத்தலில் அடைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிடு. இங்கே இப்போது மழைக்காலம். சீனி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஒரு மாலை திறந்து கிடந்தாலே கடலை மிட்டாய் பிசுபிசுத்துவிடும்.

பஸ்ஸில் வராதே, ரயிலில் வா. கே.எல். சென்ட்ரல் உன் வீட்டுப் பக்கத்தில்தானே இருக்கிறது. பட்டர்வொர்த்துக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம். போத்தல்களை மடியிலேயே வைத்துக்கொள்ளலாம். அங்கிருந்து தீவுக்கு வரும் பெர்ரியில் நண்பர்களுக்குத் திறந்து காட்டாதே, கடற்காற்று ஈரமானது. வழியில் சில பிஸ்கட்டுகள் உடையத்தான் செய்யும். உடைந்தவற்றைத் தனியாக எடுத்துவைத்துத் தாத்தாவிடம் கொடு. வரக்காப்பியில் தோய்த்துச் சாப்பிட அவர் முழு பிஸ்கட்டையும் உடைத்துத்தான் எடுத்துக்கொள்வார்.

அன்புடன்,
உன் அத்தை,
ஜார்ஜ்டவுன், பினாங்கு