இருபத்தைந்தாம் நாள்

கண்ணு மலருக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலிதான் விடவில்லை. உடுமலைச் சந்தையில் தக்காளி விலை படுத்துவிட்டது. பறிகூலிக்கே கட்டாது என்று பாதிக் காட்டை அப்படியே விட்டாச்சு. நேரத்துக்குச் சாப்பிடு.

நீ அனுப்பின டயாஜியோட்ராபிகா தக்காளிக் கட்டுரையைத் தம்பி இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்துச் சொன்னான். ஒரே ஒரு ஜீன் கெட்டுப்போய் சைக்ளோஃபிலின் புரதம் சரியாக அமையாததால், ஆக்ஸின் என்கிற வளர்ச்சி ஹார்மோன் இருந்தும் செடிக்கு அது உறைப்பதில்லை. தண்டு நிமிராமல் படுக்கிறது, பக்கவேர் ஒன்றுகூட விடுவதில்லை. எந்த ஜீன் என்பதே 2006-ல்தான் பிடிபட்டதாமே! நம்ம 98 குழி நாற்றுத்தட்டில் இப்படி ஒன்று சாய்ந்து நின்றால் பிடுங்கி எருக்குழியில் போட்டிருப்பேன். அமெரிக்காவில், டேவிஸில் நீங்கள் அதற்கு எண் போட்டு விதை எடுத்துப் பத்திரப்படுத்துகிறீர்கள். டீக்கடையில் சொன்னேன், சிரித்தார்கள். சிரிக்கட்டும். இந்த ஊரில் எவன் மகள் அவ்வளவு தூரம் போய்ப் படித்தாள்?

ஒட்டு விஷயம்தான் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. சுண்டை வேரில் கத்தரியை ஒட்டுகிறோமே, அது வேரின் பலத்துக்காக; வாடலுக்கும் நூற்புழுவுக்கும் தாக்குப்பிடிக்கும். கீழே இருப்பதுதான் மேலே இருப்பதைக் காப்பாற்றும் என்றே முப்பது வருஷம் தொழில் செய்தேன். ஆனால் இந்த டயாஜியோட்ராபிகாவின் மொட்டை வேர் மேல் நல்ல தக்காளியின் தலையை ஒட்டினால், அந்தப் புரதம் மேலிருந்து இறங்கி வந்து பக்கவேர் விட வைக்கிறதாம். தம்பியை மறுபடி படிக்கச் சொன்னேன்.

ராத்திரிச் சாப்பாட்டை விடாதே. பிரெட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே.

முன்பெல்லாம் போனில் 'சாப்பிட்டோம்', 'கடைக்குப் போனோம்' என்பாய். மாசியிலிருந்து 'சாப்பிட்டேன்', 'போனேன்'. மாப்பிள்ளை குரலைக் கேட்டு நாளாச்சு என்று அம்மா சொன்னாள். வேலை ஜாஸ்தியாக இருக்கும் என்றேன். பொங்கலுக்கு ஒரு டிக்கெட்தான் கிடைத்தது என்றாலும் போடு. வாரம் ஒரு போன் செய்ய உனக்குக் கை வலிக்காது.

நாற்று இருபத்தைந்து நாள் ஆகாமல் தட்டை விட்டு எடுக்கமாட்டேன். வியாபாரி வண்டியோடு வாசலில் நின்றாலும் வேர் தேங்காய்நாரைச் சுற்றிப் பிடித்திருக்கிறதா என்று ஒன்றை உருவிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன். உனக்குத் தெரியும். நீ 'இன்னும் ஒரு வருஷம்ப்பா, படிப்பு ஒரு நிலைக்கு வரட்டும்' என்றாய். மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாச்சு, இனி முடியாது என்றேன்.

அன்றைக்கு நான் கட்டியிருக்கவில்லை மலர். நீ சரி என்று சொன்ன பிறகு, மறுநாள் காலையில் போய்த்தான் கட்டினேன். அம்மாவுக்கும் இது தெரியாது.

பின்கட்டு அறைக்கு வெள்ளை அடித்து வைத்திருக்கிறேன். லேபிலிருந்து இருட்டில் தனியாக நடந்து வராதே. சாப்பிடு.

அப்பா